கனிமமா, செயற்கையா? மலைத்தோட்ட டிராக்டரும் ஓர் எண்ணெயின் வரலாறும்

டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றச் செல்பவரிடம் கடையில் இன்று ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: மினரல் வேண்டுமா, சிந்தெடிக் வேண்டுமா? பின்னதன் விலை முன்னதைவிடப் பெரிதும் கூடுதல். சமவெளியில் உழவு ஓட்டுபவர் இக்கேள்வியை எளிதில் கடந்துவிடலாம். சூரியநெல்லி போன்ற மலையூரில் அது இயலாது. கொழுந்து மூட்டைகளோடு சரிவில் இறங்கும் டிராக்டரில், பம்பும் பற்சக்கரங்களும் பல வண்டிகளில் பிரேக் தட்டுகளும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. அந்த எண்ணெய் கெட்டால் லிஃப்ட் தூக்காமல் போவதோடு நிற்காது. வண்டி நிற்காமல் போகும்.

இதைப் பொறியியல் கேள்வியாக மட்டுமே கருதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. என் பார்வையில் இது முதலில் ஒரு வரலாற்றுக் கேள்வி. ‘கனிமம்’, ‘செயற்கை’ என்னும் இரு சொற்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தட்பவெப்பங்களில், வெவ்வேறு வணிகத் தேவைகளுக்காகப் பொருள் பெற்றவை. அப்பொருள்களை அறியாமல் ஒரு மலையூரில் இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது, வேறோர் ஊரின் கேள்விக்கு நம் ஊரில் விடை தேடுவதாகவே முடியும். இப்பதிவு அந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்து, அதிலிருந்து நடைமுறைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க முயல்கிறது.

1. மலையும் சுமையும்

சூரியநெல்லி, இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்தில், சின்னக்கானல் ஊராட்சியில், கண்ணன் தேவன் மலைகளை அடுத்து இருக்கிறது. கிழக்கே போடிமெட்டு, அதற்குக் கீழே போடிநாயக்கனூர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினரின் மொழி தமிழாகவே தொடர்ந்தது.

இம்மலைகளின் பொருளியல் வரலாறு பெரிதும் சுமைப் போக்குவரத்தின் வரலாறே. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞார் அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளுக்கான உரிமையைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலைகள் விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. விளைந்த தேயிலையைத் துறைமுகம் வரை கொண்டு சேர்ப்பதே அந்நிறுவனத்தின் முதற்பெருஞ் சிக்கல். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள சிற்றிருப்புப் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன் வரை சென்ற தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்தது. பின்னர் அது மீண்டும் போடப்படவில்லை.

தண்டவாளம் போன பிறகு சாலையே வழியாயிற்று. கிளைப்பாதைகளிலிருந்து ஆலைக்குப் பச்சைக் கொழுந்தைச் சேர்க்கும் பணிக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிராக்டரும் டிரெய்லரும் வந்து சேர்ந்தன. உழவுக்கென உருவான ஓர் எந்திரம், உழவே நடவாத மண்ணில் சுமை வண்டியாகப் பணியேற்றது. நம் கேள்விக்கு இது முக்கியம். எண்ணெய்ப் புட்டியின் மேலுள்ள பரிந்துரைகள் பெரும்பாலும் வயலில் ஓடும் டிராக்டரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மலைத்தோட்ட டிராக்டரின் நாள் வேறு: குளிர்ந்த காலையில் தொடக்கம், குறைந்த வேகம், ஓயாத பிரேக், அடிக்கடி மழை, இடையிடையே நீண்ட நிறுத்தம்.

2. நீரில் பிறந்த சொல்

‘ஹைட்ராலிக்’ என்பது நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பாடநூல்களில் ‘நீரியல்’ என்று வழங்குவதும் அதனாலேயே. 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற அழுத்திப் பொறியில் நீரே வேலை செய்தது. 1840களில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் நியூகாசில் துறைமுகத்தில் அமைத்த பாரந்தூக்கியும் நீரழுத்தத்தில் இயங்கியதே. ஒடுங்கிய ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் திரவம் முழுதும் பரவி, அகன்ற ஓரிடத்தில் பெருவிசையாக வெளிப்படும் என்ற பாஸ்கலின் விதி, எந்தத் திரவத்துக்கும் பொருந்தும்.

நீருக்கு இரு குறைகள் இருந்தன. அது இரும்பைத் துருவாக்கும். உராயும் பாகங்களுக்கு வழவழப்பைத் தராது. 1906இல் அமெரிக்கப் போர்க்கப்பலான வர்ஜீனியாவில் பீரங்கிக் கூண்டுகளை இயக்கும் அமைப்பில் நீருக்கு மாற்றாக எண்ணெய் பயன்பட்டது. எண்ணெய்வழி ஹைட்ராலிக்கின் தொடக்கங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர். அன்றிலிருந்து திரவத்தின் பணி இரட்டிப்பாயிற்று: அழுத்தத்தைக் கடத்துவது, பாகங்களைக் காப்பது. நீரின் பெயரைச் சுமந்த ஒரு துறையில் நீரே முதற்பகையாக மாறியது இவ்வாறுதான்.

3. ஒரே தொட்டி

டிராக்டரில் ஹைட்ராலிக்கை நிலைநிறுத்தியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன். கருவிகளை மூன்று புள்ளிகளில் இணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கவும் ஆழத்தைக் கட்டுப்படுத்தவும் வகை செய்த அவருடைய காப்புரிமைகள் 1920களின் நடுப்பகுதியில் தொடங்குகின்றன. 1936இல் ஃபெர்குசன்–பிரவுன் டிராக்டரும், 1939இல் ஹென்றி ஃபோர்டுடன் இணைந்து உருவாக்கிய டிராக்டரும் வெளிவந்தன. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் உருவான டி.இ. 20 வகை டிராக்டர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல்.

டி.இ. 20இன் அமைப்பில் ஒரு சிக்கனம் இருந்தது. ஹைட்ராலிக் பம்புக்குத் தனித் தொட்டி இல்லை; பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயிலேயே அது மூழ்கியிருந்தது. செலவும் எடையும் குறைந்தன. ஆனால் ஒரே எண்ணெய் இரு எதிரெதிர்த் தேவைகளை நிறைவு செய்ய வேண்டியதாயிற்று. பம்புக்கு எளிதில் ஓடும் மெல்லிய எண்ணெய் வேண்டும். பற்சக்கரத்துக்கு அழுத்தம் தாங்கும் கெட்டியான படலம் வேண்டும். டிராக்டர் எண்ணெய் பற்றி இன்றுவரை நடக்கும் விவாதங்கள் பலவற்றின் வேர் இந்த ஒற்றைத் தொட்டியில் இருக்கிறது.

இவ்வமைப்பு தமிழகத்துக்கு நேர்வழியாகவே வந்தது. 1953இல் ஃபெர்குசன் நிறுவனம் மாஸி–ஹாரிஸுடன் இணைந்தது. 1960இல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி ஃபெர்குசன் கூட்டுறவுடன் ‘டாஃபே’ நிறுவனத்தைத் தொடங்கியது. செம்பியம் ஆலையிலிருந்து வந்த வண்டிகள், குறிப்பாக எம்.எஃப். 1035, தமிழ்நாட்டு உழவர் வாழ்வில் ‘மாஸி’ என்ற பெயரில் நிலைத்தன. பற்சக்கரத்துக்கும் லிஃப்டுக்கும் ஒரே எண்ணெய் என்ற மரபும் அவற்றோடு வந்தது. அந்த மரபில் வந்த பழைய வண்டி ஒன்றுக்கு எண்ணெய் தேடுபவர், அறிந்தோ அறியாமலோ, ஃபெர்குசனின் சிக்கனத்துக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்.

4. திமிங்கிலத்தின் பாடம்

1960இல் அமெரிக்காவின் ஜான் டீயர் நிறுவனம் தன் புதிய தலைமுறை டிராக்டர்களை அறிமுகப்படுத்தியது. அவற்றின் பிரேக்குகள் எண்ணெயில் மூழ்கியவை. நம் மெக்கானிக்குகள் ‘ஆயில் பிரேக்’ என்று சொல்லும் வகை. இதனால் எண்ணெய்க்கு மூன்றாவது வேலை ஒன்று சேர்ந்தது. பற்சக்கரத்தில் உராய்வைக் குறைக்க வேண்டிய அதே எண்ணெய், பிரேக் தட்டுகளிடையே போதிய உராய்வை அனுமதிக்கவும் வேண்டும். உராய்வு மிகுந்தால் பிரேக் அதிர்ந்து அலறும். குறைந்தால் வண்டி வழுக்கும்.

இந்த நுண்ணிய சமநிலைக்கு அந்நிறுவனத்தின் ‘303’ என்ற எண்ணெயில் விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970இல் அத்திமிங்கிலம் அழிவுறும் உயிரினப் பட்டியலில் அமெரிக்காவால் சேர்க்கப்பட்டது. அப்பத்தாண்டில் திமிங்கில எண்ணெய் வழக்கொழிந்தது. மாற்று வேதிச் சேர்மானங்களை உருவாக்க வேண்டியிருந்தது. ‘303’ என்ற பெயரை மூல நிறுவனம் கைவிட்டது. பெயரின் புகழ் மட்டும் சந்தையில் தங்கிவிட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னும், நடப்பிலுள்ள எந்த வரையறைக்கும் உட்படாத மலிவான எண்ணெய்கள் அப்பெயரில் விற்கப்பட்டன. 2017 முதல் மிசௌரி உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்கள் இவ்விற்பனையைத் தடை செய்ய நேர்ந்தது.

இந்நிகழ்வில் நம் கேள்விக்குரிய முதல் பாடம் இருக்கிறது. பழைய ‘303’இன் பெரும்பகுதி கனிம எண்ணெய்; போலிகளின் அடிப்படையும் பெரும்பாலும் கனிம எண்ணெயே. இரண்டையும் பிரித்தவை அடிப்படை எண்ணெயின் தன்மையும் அதனுடன் கலந்த சிறு அளவுச் சேர்மானங்களும். பிரேக்கைக் காத்தது ‘கனிமம்’ என்ற சொல்லன்று. ‘செயற்கை’ என்ற சொல்லும் அதைக் காக்காது.

5. ‘கனிமம்’ வழக்கமான கதை

இந்தியாவில் கனிம உயவெண்ணெய் ‘சாதாரண எண்ணெய்’ என்ற நிலையை அடைந்ததற்கும் தனி வரலாறு உண்டு. விடுதலைக்குப் பிந்தைய முதல் பத்தாண்டுகளில் பர்மா–ஷெல், ஸ்டாண்டர்ட் வாக்குவம், கால்டெக்ஸ் போன்ற அயல்நாட்டு நிறுவனங்களே சந்தையை ஆண்டன. 1960களில் நிலை மாறத் தொடங்கியது. 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து மதராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தை உருவாக்கின. 1969இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன் கொள்ளளவுடன் மணலி ஆலை இயங்கத் தொடங்கியது. எரிபொருளோடு உயவெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயும் அங்கு பிரிக்கப்பட்டது. 1966இல் லூப்ரிசால் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டதும் சேர்மானங்கள் உள்நாட்டில் கிடைக்க வழி பிறந்தது. 1972இல் இந்தியன் ஆயில் தன் ‘சர்வோ’ வணிகப் பெயரை அறிமுகப்படுத்தியது. 1974 முதல் 1976 வரை எஸ்ஸோ, பர்மா–ஷெல், கால்டெக்ஸ் ஆகியவற்றை அரசு கையகப்படுத்தியது.

செம்பியத்து டிராக்டரும் மணலி எண்ணெயும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில், ஒரே நகரின் வடபகுதியில் உருவானவை. இந்தப் பொருத்தத்தால் கனிம எண்ணெய் உழவருக்கும் தோட்டத்துக்கும் கைக்கெட்டும் பொருளாயிற்று. பின்னாளில் ‘செயற்கை’ எண்ணெய் சந்தைக்கு வந்தபோது, ‘கனிமம்’ என்ற சொல்லில் பழமை, மலிவு என்னும் நிழல்கள் படிந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தன்னிறைவின் அடையாளமாகக் கருதப்பட்ட பொருள் இது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

6. ‘செயற்கை’ என்ற சொல்லின் பயணம்

செயற்கை உயவெண்ணெயின் வளர்ச்சிக்குப் போரும் குளிரும் பெருங்காரணங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலியம் அரிதாயிருந்த ஜெர்மனியில், ஹெர்மன் ஸோர்ன் முதலிய வேதியியலாளர் எஸ்டர் வகை எண்ணெய்களை விரிவாக ஆராய்ந்தனர். கிழக்குப் போர்முனையின் கடுங்குளிரில் கனிம எண்ணெயின் மெழுகு உறைந்து எந்திரங்கள் முடங்கியதும் இவ்வாய்வுக்கு உந்துதலாயிற்று. போருக்குப் பின் ஜெட் விமான எந்திரங்கள் எஸ்டர்களை நம்பின. 1970களில் பாலி ஆல்ஃபா ஒலிஃபின் அடிப்படையிலான கார் எண்ணெய்கள் பொதுச் சந்தைக்கு வந்தன. 1974இல் வெளிவந்த ‘மொபில் 1’ அவற்றுள் பெயர் பெற்றது.

தமிழ் வாசகருக்குச் சுவையூட்டும் செய்தி ஒன்று இங்கு உண்டு. தொடக்கக்கால ஜெட் எண்ணெய்களில் இடம்பெற்ற செபாகேட் எஸ்டரின் மூலப்பொருள் செபாசிக் அமிலம். அது ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது. நம் மானாவாரிக் கொல்லைகளின் ஓரத்தில் வளரும் ஆமணக்கு, ‘செயற்கை’ எண்ணெயின் தாய்களில் ஒன்று. சார்லஸ் வேக்ஃபீல்டு 1909இல் ‘காஸ்ட்ரால்’ என்று தம் எண்ணெய்க்குப் பெயரிட்டதும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரைக் கொண்டே. இயற்கை, செயற்கை என்னும் இருமை வேதியியலில் எவ்வளவு எளிதில் கரைகிறது என்பதற்கு இது சான்று. தமிழில் ‘செயற்கை’ என்ற சொல்லுக்குப் போலி என்ற சாயலும் உண்டு. கடைகளில் ‘சிந்தெடிக்’ என்றே சொல்லப்படுவதால் அச்சாயல் மறைந்து, உயர்தரம் என்ற பொருள் மட்டும் எஞ்சுகிறது.

சொல்லின் எல்லை 1990களில் மேலும் விரிந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து, ஏறுமுகமான சுத்திகரிப்பில் பெறப்படுபவை. நான்காவது பாலி ஆல்ஃபா ஒலிஃபின். எஞ்சிய அனைத்தும், எஸ்டர் உட்பட, ஐந்தாவது. மூன்றாம் தொகுதி எண்ணெய் ஹைட்ரஜன் செலுத்திக் கடுமையாக மாற்றியமைக்கப்பட்ட கனிம எண்ணெய். அதைச் ‘செயற்கை’ என விளம்பரப்படுத்தலாமா என்று மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களிடையே எழுந்த வழக்கில், 1999இல் அமெரிக்க விளம்பரத் தணிக்கை அமைப்பு காஸ்ட்ராலுக்குச் சார்பாக முடிவு தெரிவித்தது. அதன்பின் உலகச் சந்தையில் ‘சிந்தெடிக்’ என விற்கப்படும் எண்ணெய்களில் பெரும்பங்கு, மூலத்தில் கச்சா எண்ணெயே. அவை தரங்குறைந்தவை என்று இதற்குப் பொருளில்லை. பல மிகச் சிறந்தவை. ஆயினும், புட்டியின் முகப்பிலுள்ள ஒரு சொல் உள்ளிருக்கும் பொருளைத் துல்லியமாகச் சொல்லிவிடுவதில்லை.

7. குளிரின் கணக்கு

செயற்கை எண்ணெய்க்குச் சார்பாக முதலில் சொல்லப்படுவது குளிர்த்தாங்கும் ஆற்றல். மூணாறு வட்டாரத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவது உண்மையே. சூரியநெல்லியிலிருந்து செல்லும் கொழுக்குமலையோ ஏறத்தாழ 7,900 அடி உயரம். ஆகவே மலைக்குச் செயற்கையே உகந்தது என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம்.

எண்ணெயின் பாகுநிலை வெப்பத்தோடு எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கப் பாகுநிலைக் குறியெண் என்ற அளவு 1929இல் டீன், டேவிஸ் ஆகியோரால் முன்வைக்கப்பட்டது. பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100, மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என அவர்கள் வகுத்தனர். குறியெண் கூடினால் மாற்றம் குறையும். 40 பாகை செல்சியஸில் 46 சென்டிஸ்டோக் பாகுநிலை கொண்ட இரு எண்ணெய்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று குறியெண் 100ஐ ஒட்டிய எளிய கனிம எண்ணெய். மற்றது 140ஐ ஒட்டிய செயற்கை எண்ணெய். வழக்கமான வாய்பாட்டின்படி 0 பாகையில் முன்னது சுமார் 580 ஆகவும், பின்னது சுமார் 430 ஆகவும் தடிக்கும். வேறுபாடு உண்டு, ஆனால் இரண்டும் ஓடும். உறைநிலைக்குக் கீழே 30 பாகையில் முன்னது காகிதக் கணக்கிலேயே 17,000ஐத் தாண்டும். நடைமுறையில் அதற்கு முன்பே மெழுகு உறைந்து ஓட்டம் நின்றுவிடும். பின்னது 7,700 அளவில் இருக்கும். கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் செயற்கை எண்ணெய் பெற்ற மதிப்பு இந்த இரண்டாவது கணக்கிலிருந்து வந்தது. நம் மலை முதற்கணக்கிலேயே நின்றுவிடுகிறது.

மேலும் ஒன்று. டிராக்டருக்கென வரும் பொது எண்ணெய்களில், அதாவது பற்சக்கரம், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் மூன்றுக்கும் பொதுவான யு.டி.டி.ஓ. வகையில், கனிம அடிப்படையுடன் பல்படிச் சேர்மானங்களைக் கலந்து குறியெண்ணை உயர்த்தியிருப்பர். எனவே நல்ல கனிம யு.டி.டி.ஓ. எண்ணெய்க்கும் செயற்கைக்கும் உள்ள இடைவெளி மேற்சொன்ன கணக்கைவிடவும் சுருங்கும். குளிர்ந்த காலையில் சில நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லிஃப்டை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கும் பழைய ஓட்டுநர் வழக்கம் எஞ்சிய இடைவெளியையும் பெரும்பாலும் நிரப்பிவிடும்.

8. மழையின் கணக்கு

இம்மலையில் எண்ணெயைக் கெடுப்பதில் குளிரைவிடப் பெரிய பங்கு நீருடையது. பருவமழை மாதங்களில் காற்றே ஈரமாயிருக்கும். ஓடி வெப்பமேறிய வண்டி இரவில் குளிரும்போது, சுவாசத் துளை வழியே ஈரக்காற்று உள்ளே சென்று சுவர்களில் நீராய்ப் படியும். தேய்ந்த சீல்களின் வழியாகவும், கழுவும்போது பீய்ச்சும் நீராலும் மேலும் புகும். எண்ணெய் மோர்போல வெளுத்துக் காணப்பட்டால் நீர் கலந்துவிட்டதென்று அறியலாம். கலந்த நீர் துருவை உண்டாக்கும்; பம்பின் உறிஞ்சுபக்கத்தில் ஆவிக்குமிழிகளைத் தோற்றுவித்து உலோகத்தை அரிக்கும்; சேர்மானங்களைச் சிதைக்கும்; பிரேக் தட்டின் பிடிமானத்தை மாற்றும்.

இப்பகையின் முன் கனிமம், செயற்கை என்ற பாகுபாடு உதவுவதில்லை. சில இடங்களில் அது தலைகீழாகவும் ஆகிறது. எஸ்டர் வகை எண்ணெய்கள் நீருடன் வினைபுரிந்து அமிலமாகச் சிதையக்கூடியவை. பாலி ஆல்ஃபா ஒலிஃபினுக்கு அக்குறை இல்லை. ஆனால் பழைய ரப்பர் சீல்களைச் சற்றுச் சுருங்கச் செய்யும் இயல்பு அதற்கு உண்டு என்பதால், ஈடுசெய்யும் பொருள்களைச் சேர்த்தே விற்கின்றனர். முப்பது ஆண்டு ஓடிய வண்டியில் திடீரென எண்ணெய் வகையை மாற்றியபின் கசிவு தொடங்கினால், காரணம் சீலின் முதுமையும் புதிய எண்ணெயின் இயல்பும் சந்தித்ததாக இருக்கலாம்.

செயற்கையின் மெய்யான மேன்மை வெப்பத்தில் இருக்கிறது. எண்ணெயின் வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. இதனை நீண்டகாலம் தாங்குவது செயற்கை எண்ணெய். நாளெல்லாம் பளுவில் ஓடும் புதிய வண்டியில், வடிகட்டியும் சீலும் ஒழுங்காயிருந்தால், மாற்றும் இடைவெளியை நீட்டி விலை வேறுபாட்டை ஈடுகட்டலாம். ஈரத்தால் எண்ணெயை எப்படியும் முன்கூட்டியே மாற்ற வேண்டிய இடத்தில் அந்த நீண்ட ஆயுளுக்குக் கொடுத்த பணம் வடிகாலில் போகும்.

9. யார் தீர்மானிப்பது, யார் பயணிப்பது

தொழில்நுட்ப வரலாறு என்றாலே கண்டுபிடிப்பின் வரலாறு என்று கருதும் போக்கை டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த தம் நூலில் மறுத்தார். பயன்பாடும் பராமரிப்பும் வரலாற்றின் மையத்துக்கு வரவேண்டும் என்பது அவர் வாதம். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வரலாற்றுக்கு இது மிகவும் பொருந்தும். கங்காணி முறை, கூலி, லயம், தொழிற்சங்கம் ஆகியவை பற்றி நம்மிடம் செறிவான எழுத்துகள் உள்ளன. அவர்கள் ஏறிச் செல்லும் வண்டியின் பராமரிப்பு பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடும் முடிவு அலுவலக மேசையில், செலவுக் கணக்கின் ஒரு வரியில் எடுக்கப்படுவது. அதன் விளைவைச் சரிவில் சந்திப்பவர் ஓட்டுநர். சுமையோடு வண்டியில் ஏறி வருபவர்கள், பெரும்பாலும் பெண்கள். தொட்டி எண்ணெய் வழக்கமாக நூற்றுக்கணக்கான மணி ஓட்டத்துக்கு ஒருமுறையே மாறுவதால், தள்ளிப்போட்டது உடனே தெரிவதுமில்லை. ‘மினரலா, சிந்தெடிக்கா’ என்ற கேள்வி ஒரு வகையில் இந்தப் பொறுப்பை மறைக்கவும் பயன்படும். விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டோம் என்ற நிறைவு, பிரேக்கைச் சோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகிவிடக் கூடாது. சிறு ஏலத்தோட்டக்காரருக்கோ இது எதிர்த்திசையில் வரும்: விலையுயர்ந்ததை வாங்க இயலாமல், வரையறை ஏதுமற்ற மலிவான எண்ணெயை வாங்கிவிடுவது. இரண்டுக்கும் நடுவே, வண்டி நிறுவனம் வரையறுத்த கனிம யு.டி.டி.ஓ. என்ற நல்ல வழி இருப்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு: நீர்நிலை. இச்சரிவுகளின் ஓடைகள் ஆனையிறங்கல் அணையைச் சேர்ந்து, பன்னியாறு வழியே பெரியாற்றில் கலக்கின்றன. வடித்த பழைய எண்ணெயும் கசியும் எண்ணெயும் அங்கேதான் இறங்கும். மண்ணில் எளிதில் சிதையும் எஸ்டர், தாவர எண்ணெய் ஹைட்ராலிக் திரவங்களை ஐரோப்பியக் காடுகளில் இக்காரணத்துக்காகவே பயன்படுத்துகின்றனர். ‘செயற்கை’ என்பதற்கு நம் மலையில் வலுவான நியாயம் இருக்குமானால், அது குளிரிலன்றி இங்கே கிடைக்கலாம். அப்போதும் நீரைக் கண்டிப்பாக விலக்கி, உரிய காலத்தில் மாற்றினால்தான் எஸ்டர் நிலைக்கும்.

10. தொகுப்பாக

ஒற்றைத் தொட்டி கொண்ட பழைய வண்டிக்கு, உற்பத்தியாளர் கையேட்டில் உள்ள வரையறைக்கு உட்பட்ட கனிம எண்ணெயே சூரியநெல்லி போன்ற ஊரில் தக்கது. மழைக்காலம் முடிந்ததும் நீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, கலந்திருந்தால் மணிக்கணக்கை எதிர்நோக்காமல் மாற்ற வேண்டும். ஆயில் பிரேக் கொண்ட புதிய வண்டியில், அதன் நிறுவனம் ஏற்ற செயற்கை எண்ணெயை, நாள்தோறும் நீண்ட நேரம் ஓடும் நிலையில் தேர்ந்தெடுக்கலாம். எஞ்சின் எண்ணெயையோ பிரேக் வகைக்கு ஒவ்வாத வெறும் ஹைட்ராலிக் எண்ணெயையோ அதில் ஊற்றுவது எந்த அடிப்படையிலும் தவறு. வகை மாற்றும்போது பழையதை முழுதும் வடித்து, வடிகட்டியையும் மாற்ற வேண்டும். வடித்ததை ஓடையில் விடலாகாது.

இம்முடிவுகள் எளியவை. ஆனால் இவற்றை அடைய நியூகாசில், காவென்ட்ரி, செம்பியம், மணலி ஆகிய இடங்களைச் சுற்றி வர வேண்டியிருந்தது. புட்டியின் முகப்பிலுள்ள ஒற்றைச் சொல்லைவிட, அதன் பின்புறத்தில் சிற்றெழுத்தில் அச்சாகும் வரையறை எண்ணும், பட்டறைப் பதிவேட்டில் எழுதப்படும் மாற்றிய நாளும் முக்கியமானவை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டப் பட்டறைகளின் பழைய பதிவேடுகள், உதிரிபாகக் கடைகளின் விலைப்பட்டியல்கள், 1960, 70களின் தமிழ் டிராக்டர் கையேடுகள் உங்கள் வீடுகளிலோ ஊரிலோ இருந்தால் தெரிவியுங்கள். ஓட்டுநராகவோ மெக்கானிக்காகவோ பணிபுரிந்த பெரியவர்களின் நினைவுகளும் அதே அளவு மதிப்புடையவை. தேயிலையின் வரலாற்றைத் துரைமாரின் குறிப்புகளிலிருந்து எழுதிவிட்டோம். அதைச் சுமந்திறங்கிய வண்டியின் வரலாறு எண்ணெய்க் கறை படிந்த அந்த ஏடுகளில் இருக்கிறது.